அறுபது ஏக்கருக்கு ஒரு வீடு

2025 ஜனவரி இரண்டாவது வாரத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புறநகர்ப் பகுதிகள் தீயில் எரிந்துகொண்டிருந்தன. அதனால் கலிபோர்னியாவிலிருந்து கிடைத்த வேறெந்தச் செய்திக்கும் உலகப் பத்திரிகைகளின் முதற் பக்கங்களில் இடமிருக்கவில்லை. அதே வாரத்தில் அதே மாநிலத்தின் வடபகுதியிலே, சான் பிரான்சிஸ்கோ நகருக்கு அப்பாலுள்ள பொயின்ட் ரெய்ஸ் தேசிய கடற்கரைப் பூங்காவில், தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்துவந்த 12 பண்ணைகள் இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு 15 மாதங்களுக்குள் வெளியேறுவதற்கு உடன்பட்டன. நீதிமன்றத்துக்குச் சென்று இந்த உடன்பாட்டுக்கு வழிவகுத்தவர்கள் சுற்றாடல் அமைப்பினர்.

நான் அந்தச் செய்தியை இருமுறை வாசித்தேன். காணிப் பயன்பாட்டுத் திட்டங்கள் பற்றி எழுதவேண்டி வந்த காலங்களிலெல்லாம் நான் திரும்பத் திரும்பப் படித்த ஒரு திட்டம் அந்தப் பூங்கா அமைந்திருக்கும் மரின் கவுண்டியினுடையது. ஒரு கவுண்டி தனது அபிவிருத்தித் திட்டத்துக்குள்ளேயே சுற்றாடல் பாதுகாப்பைப் பிணைத்துவிட முடியும் என்பதை 1973ஆம் ஆண்டில் செய்து காட்டிய திட்டம் அது. அத்திட்டம் வெற்றிபெற்றதற்கான பிரதான காரணம், பண்ணையாளர்களையும் சுற்றாடல் ஆர்வலர்களையும் ஒரே அணியில் நிற்கச் செய்ததுதான். ஐம்பது ஆண்டுகளின் பின்னர் அந்த அணி நீதிமன்றத்தில் உடைந்து போயிற்று. இது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சற்று ஆரம்பத்திலிருந்தே பார்ப்பது பயனுள்ளதாக இருக்கும்.

கலிபோர்னியா மாநிலத்தில் 58 கவுண்டிகள் இருக்கின்றன. எமது மாவட்டங்களுக்கு ஒப்பானவை என்று கூறலாமெனினும் அதிகாரத்தில் வேறுபட்டவை. மக்களால் தெரிவுசெய்யப்படும் ஐந்து மேற்பார்வையாளர்களைக் கொண்ட சபை கவுண்டியை நிருவகிக்கிறது. நகரசபைகளின் எல்லைக்கு வெளியேயுள்ள காணிகளில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தச் சபையிடமே இருக்கிறது. ஐந்து பேரில் மூவர் ஒருபக்கம் சாய்ந்தால் ஒரு கரையோரத்தின் தலைவிதியே மாறிவிடும். மரினின் வரலாறு பெரும்பாலும் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்குகளின் வரலாறுதான்.

மரின் கவுண்டியின் தரைப்பரப்பு ஏறத்தாழ 520 சதுர மைல்கள். யாழ்ப்பாண மாவட்டத்தைவிட மூன்றிலொரு பங்கு பெரியது என்று வைத்துக்கொள்ளலாம். கிழக்கே சான் பிரான்சிஸ்கோ விரிகுடா. அதன் ஓரமாக 101ஆம் இலக்க நெடுஞ்சாலையும் அதை ஒட்டிய சிறு நகரங்களும். நடுவே குன்றுகளும் மேய்ச்சல் நிலங்களும். மேற்கே பசிபிக் சமுத்திரம், டொமாலெஸ் குடா, பொலினாஸ் களப்பு, பொயின்ட் ரெய்ஸ் தீபகற்பம். ஆதியில் இது கோஸ்ட் மிவொக் பழங்குடியினரின் தாயகம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பாற்பண்ணைகள் இங்கு பெருகின. சுவிற்சர்லாந்தின் இத்தாலிய மொழிப் பிரதேசத்திலிருந்தும் போர்த்துக்கலின் அஸோர்ஸ் தீவுகளிலிருந்தும் வந்த குடியேறிகள் இங்கே மாடு கறந்து, பாய்க்கப்பல்களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வெண்ணெய் அனுப்பினார்கள்.

1937ஆம் ஆண்டில் கோல்டன் கேட் பாலம் திறக்கப்பட்டதும் இந்தத் தனிமை முடிவுக்கு வந்தது. 1960இல் மரினின் சனத்தொகை 146,820. 1970இல் அது 206,038. பத்தாண்டுகளில் நாற்பது வீத அதிகரிப்பு. இதே வேகம் தொடரும் என்று அக்காலத்துத் திட்டமிடலாளர்கள் எதிர்பார்த்தார்கள். தொடரவேண்டும் என்றே அவர்களில் பலர் விரும்பினார்கள் என்றும் கூறலாம். 1967ஆம் ஆண்டில் கவுண்டி ஏற்றுக்கொண்ட மேற்கு மரின் பொதுத் திட்டம், டொமாலெஸ் குடாவைச் சுற்றி ஓர் இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் குடியேறுவார்கள் என்று கணக்கிட்டது. அவர்களைக் கொண்டுசெல்வதற்காக மலைகளை ஊடறுத்துக் கடற்கரைவரை விரைவு நெடுஞ்சாலைகள் வரைபடத்தில் கீறப்பட்டிருந்தன. பொலினாஸ் களப்பைத் தோண்டிப் படகுத்துறை அமைக்க ஒரு திட்டம் இருந்தது. பாலத்தின் வடமுனையிலுள்ள குன்றுகளில், கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் பணத்துடன் தோமஸ் ஃபிரூஜ் என்ற கட்டட ஒப்பந்தகாரர் 30,000 பேருக்கான 'மரின்செலோ' என்ற புதுநகரை 1964இல் அறிவித்தார். அடுத்த வருடமே மேற்பார்வையாளர் சபை அதற்கு அங்கீகாரம் வழங்கியது.

இன்று சுற்றுலாப் பயணிகள் பாலத்தில் நின்று வடக்கே பார்க்கும்போது தெரிகின்ற வெற்றுக் குன்றுகள் இயற்கையின் தற்செயலான கொடை அல்ல. அங்கே அடுக்குமாடிக் கோபுரங்கள் நின்றிருக்க வேண்டியது.

எதிர்ப்பின் முதற்கட்டம் காணிகளை விலைகொடுத்து வாங்குவதாகவே இருந்தது. 1962 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜோன் கெனடி பொயின்ட் ரெய்ஸை தேசிய கடற்கரைப் பூங்காவாக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதற்காகப் பாடுபட்ட காங்கிரஸ் உறுப்பினர் கிளெம் மில்லர் அடுத்த மாதமே விமான விபத்தில் பலியானார். பொலினாஸ் களப்பின் கரையில், ரெட்வுட் மர உச்சிகளில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும் பள்ளத்தாக்கு ஒன்றை மருத்துவரான மார்ட்டின் கிரிஃபின் தலைமையில் ஓடுபொன் சங்கத்தினர் நிதி திரட்டி வாங்கினார்கள். களப்பின் நடுவேயுள்ள கென்ட் தீவும் வாங்கப்பட்டு, 1967இல் கவுண்டியிடம் ஒப்படைக்கப்பட்டது. தீவு பொதுச்சொத்தானதும் படகுத்துறைத் திட்டத்தின் முதுகெலும்பு முறிந்தது. காணி வாங்குவதில் இருந்த தந்திரம் இதுதான். நெடுஞ்சாலை எந்த இடத்தை ஊடறுத்துச் செல்லவேண்டுமோ அந்த இடத்தைத் தேடி வாங்கினார்கள்.

ஆனால் பணம் போதவில்லை. பொயின்ட் ரெய்ஸுக்கு முதலில் ஒதுக்கப்பட்ட 14 மில்லியன் டொலர் அங்குள்ள காணிகளில் ஒரு பகுதியை வாங்கவே போதுமானதாக இருந்தது. பூங்கா வரப்போகிறது என்ற செய்தியே காணி விலையை உயர்த்திவிட்டது. மேற்பார்வையாளர் பீற்றர் பேர் 1969இல் ஒரு கையெழுத்து இயக்கத்தை நடத்தினார். ஐந்து இலட்சம் அளவிலான கையொப்பங்கள் வாஷிங்டனுக்குப் போயின. 1970இல் ஜனாதிபதி நிக்சன் மேலதிக நிதிக்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். அதே ஆண்டில், சட்டத்தரணிகள் சிலர் தொடுத்த வழக்கில் மரின்செலோவுக்கு வழங்கப்பட்ட வலய அனுமதி நடைமுறைத் தவறு காரணமாகச் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஃபிரூஜ் அதற்கு முன்னரே, 1969இல், காலமாகிவிட்டார். 1972இல் கல்ஃப் நிறுவனம் அந்தக் காணியை 6.5 மில்லியன் டொலருக்கு 'நேச்சர் கொன்சர்வன்சி' என்ற அமைப்புக்கு விற்றது. அந்தப் பேரத்தை நடத்தியவர் அமைப்பின் மேற்குப் பிராந்தியப் பணிப்பாளர் ஹியூயி ஜோன்சன். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் கதையின் திருப்பம் வருகிறது. கடற்கரையை அரசாங்கம் வாங்கலாம். குன்றுகளைத் தொண்டு நிறுவனம் வாங்கலாம். கடற்கரைக்கும் நகரங்களுக்கும் இடையே கிடந்த தனியார் மேய்ச்சல் நிலங்களையெல்லாம் வாங்குவதற்கு எவரிடமும் பணம் இருக்கவில்லை. பூங்கா ஒருபுறம் இருக்க, அதன் வேலிவரை வீடுகள் வந்து நின்றால் பூங்காவால் என்ன பயன்? விடை திட்டத்துக்குள்ளேயே தேடப்பட வேண்டியதாயிற்று.

1971ஆம் ஆண்டு இதற்குக் கைகொடுத்தது. அந்த ஜனவரியில் கோல்டன் கேட் பாலத்தின் கீழே மூடுபனியில் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையொதுங்கிய எண்ணெயைத் துடைப்பதற்கும் களப்பின் வாயை மறிப்பதற்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டார்கள். வந்தவர்களில் பலர் பொலினாஸ் கிராமத்திலேயே தங்கிவிட்டார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் அந்தக் கிராமத்தின் நீர் வழங்கல் சபை புதிய நீர் இணைப்புகளை நிறுத்தியது. அந்தத் தடை இன்றுவரை நீடிக்கிறது. தங்கள் ஊருக்கு வழிகாட்டும் வீதிப் பலகையைப் பொலினாஸ்வாசிகள் இரவோடிரவாகக் கழற்றிவிடுவார்கள் என்பது பல தசாப்தங்களாகச் சொல்லப்பட்டுவரும் வேடிக்கை. ஆனால் நீர்க் குழாயைப் பூட்டினால் வீடு கட்ட முடியாது என்ற அவர்களது கண்டுபிடிப்பு வேடிக்கையானதல்ல. அதே நவம்பரில் கவுண்டியின் பெரிய நீர் வழங்கல் மாவட்டத்தின் வாக்காளர்களும், வடக்கேயிருந்து ரஷ்யன் ஆற்று நீரைக் குழாய்வழி கொண்டுவருவதற்கான கடன்பத்திரத் திட்டத்தைப் பெருவாரியாக நிராகரித்தார்கள்.

மேலே மாநில மட்டத்திலும் சட்டம் மாறிக்கொண்டிருந்தது. 1970இல் கலிபோர்னியா சுற்றாடல் தர சட்டம் வந்தது. அதைவிட முக்கியமானது என்று நான் கருதுவது வெளியே அதிகம் பேசப்படாத வேறொரு மாற்றத்தை. அதுவரையில் கவுண்டியொன்றின் பொதுத் திட்டம் என்பது ஆலோசனை ஏடு மாத்திரமே. வலயப்படுத்தல் விதிகள் அதற்கு மாறாக இருந்தாலும் எவரும் கேட்க முடியாது. 1971இல் மாநில சட்டசபை, வலய விதிகள் பொதுத் திட்டத்துக்கு இசைவாகவே இருக்கவேண்டும் என்று விதித்தது. காகிதத்துக்குப் பல் முளைத்தது. திட்டத்தில் ஒரு வசனத்தைச் சேர்ப்பது என்பது இனி நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டக்கூடிய ஓர் ஆயுதத்தைச் சேர்ப்பதாயிற்று.

இந்தப் பின்னணியில் கவுண்டியின் திட்டமிடல் திணைக்களம் அதே ஆண்டில் ஓர் ஆரம்ப அறிக்கையை வெளியிட்டது. கடைசியாக எஞ்சியிருக்கும் இடமாவது எஞ்சுமா என்று கேட்கும் விதத்தில் அதற்குத் தலைப்பிட்டிருந்தார்கள். திட்டமிடல் அறிக்கைகளுக்கு வழமையாக இடப்படும் உயிரற்ற தலைப்புகளை எண்ணிப் பார்க்கும் எவருக்கும் அதை எழுதியவர்களின் மனநிலை விளங்கும். மேற்பார்வையாளர் சபை 1967ஆம் ஆண்டின் மேற்கு மரின் திட்டத்தை ரத்துச் செய்தது. வாக்குகள் மூன்றுக்கு இரண்டு. 1973இல் முழுக் கவுண்டிக்குமான புதிய திட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இத்திட்டத்தின் உள்ளமைப்பு மிகவும் எளிமையானது. முன்னைய திட்டங்கள் சனத்தொகை எவ்வளவு பெருகும் என்ற எதிர்வுகூறலில் தொடங்கி, அதற்கு எத்தனை வீடுகள், எத்தனை வீதிகள் என்று கணக்கிட்டுக்கொண்டு போகும். நிலம் கடைசியில்தான் வரும். மரின் திட்டம் இதைத் தலைகீழாக்கியது. எங்கே மண் சரியும், எங்கே வெள்ளம் நிற்கும், எங்கே நீரோடைகள் பிறக்கின்றன, எங்கே புல் நன்றாக வளரும் என்பவற்றை முதலில் வரைந்துகொண்டு, எஞ்சிய இடத்தில் மனிதர்களைக் குடியமர்த்துவது பற்றிச் சிந்தித்தது. நிலவமைப்பாளர் இயன் மக்ஹார்க் 1969இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறை இதற்கு அடிப்படையாக இருந்தது. கவுண்டி வடக்குத் தெற்காக மூன்று பட்டிகளாகப் பிரிக்கப்பட்டது. மேற்கே கடற்கரைப் பொழுதுபோக்குப் பட்டி, நடுவே உள்நாட்டுக் கிராமியப் பட்டி, கிழக்கே நகர் மையப் பட்டி. வளர்ச்சி முழுவதும் மூன்றாவதுக்குள் அடங்கவேண்டும். 2007இல் இடம்பெற்ற திருத்தத்தில் விரிகுடாவை அடுத்த சதுப்பு நிலங்களுக்காக நான்காவது பட்டி ஒன்றும் சேர்க்கப்பட்டது.

பட்டிகளைக் கீறுவது சுலபம். நடுப்பட்டியை நடைமுறையில் காப்பாற்றிய கருவி 'ஏ-60' என்ற வலய விதி. விவசாய நிலத்தில் 60 ஏக்கருக்கு ஒரு வீட்டுக்கு மேல் கட்டக்கூடாது. யாழ்ப்பாணத்துக் கணக்கில் 60 ஏக்கர் என்பது 960 பரப்பு. சில பரப்புக் காணிக்காகச் சகோதரர்கள் ஆயுள் முழுவதும் வழக்காடுகின்ற ஒரு சமூகத்தில் பிறந்த எனக்கு, அந்த இலக்கத்தை முதன்முதலில் கண்டபோது அச்சுப் பிழையாக இருக்குமோ என்றுகூடத் தோன்றியது. காரணம் நியாயமானதே. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று பிரித்தால் அது பணக்காரரின் தோட்ட வீடாகும், பாற்பண்ணையாக நீடிக்காது. பண்ணை பண்ணையாகவே இருக்கவேண்டுமானால் துண்டாடுவதில் இலாபம் இருக்கக்கூடாது.

பண்ணையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களைக் குறைகூற முடியாது. மேற்கு மரினின் பாற்பண்ணைகள் ஏற்கெனவே ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. நாளொன்றுக்கு இருமுறை, வருடத்தில் 365 நாளும் மாடு கறக்கும் ஒரு குடும்பத்துக்கு ஓய்வூதியம் கிடையாது. நிலந்தான் ஓய்வூதியம். முதுமையில் அதை வீடமைப்பாளருக்கு விற்று மிச்ச நாளைக் கழிக்கலாம் என்ற நம்பிக்கையில் இருந்தவர்களிடம், மூன்று பேரின் வாக்கினால் அந்தப் பெறுமதி பறிக்கப்பட்டது. மலைக்காட்சியை இரசிப்பவர்கள் நகரத்தார். அதற்கான விலையைச் செலுத்துபவர்கள் நாங்களா என்று அவர்கள் கேட்டார்கள். 1972இல் தெரிவுசெய்யப்பட்டுத் தொடர்ந்து 24 ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்த கேரி ஜக்கோமினி இந்தக் கோபத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டவர்களில் முக்கியமானவர்.

திட்டம் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கவில்லை. பதிலைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். எலன் ஸ்ட்ராஸ், நெதர்லாந்தில் பிறந்த யூதர். 1940இல் நாஜிகளிடமிருந்து தப்பிவந்த குடும்பத்தின் மகள். டொமாலெஸ் குடாவின் கரையில் கணவருடன் பாற்பண்ணை நடத்தியவர். ஃபிலிஸ் ஃபேபர் ஓர் உயிரியலாளர். 1980இல் இவர்கள் இருவரும் தொடக்கிவைத்த மரின் விவசாயக் காணி நம்பிக்கை நிதியமே அமெரிக்காவில் விவசாய நிலத்தைக் காப்பதற்கென்றே அமைக்கப்பட்ட முதலாவது நிதியம் எனப்படுகிறது. அதன் வழிமுறை இது: பண்ணையாளர் தனது காணியில் வீடு கட்டும் உரிமையை மாத்திரம் நிதியத்துக்கு விற்கிறார். காணி அவருடையதாகவே இருக்கும். அவர் விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம். ஆனால் இனி எவரும் அதைத் துண்டாட முடியாது என்று காணி உறுதியில் நிரந்தரமாகப் பதியப்படும். கையில் கிடைக்கும் பணத்தில் கடனை அடைக்கலாம், உடன்பிறந்தாரின் பங்கை வாங்கலாம், புதுக் கொட்டகை கட்டலாம். 1988இல் மாநில வாக்காளர்கள் அங்கீகரித்த ஒரு கடன்பத்திரத் திட்டத்திலிருந்து மரினுக்கு 15 மில்லியன் டொலர் கிடைத்தது. 2012இல் கவுண்டி வாக்காளர்கள் தங்கள் மீதே ஒரு விற்பனை வரியை விதித்துக்கொண்டார்கள். அதில் ஒரு பகுதி விவசாயக் காணிகளுக்குப் போயிற்று. இன்று 50,000 ஏக்கருக்கும் அதிகமான காணி இவ்வாறு பதியப்பட்டிருக்கிறது.

விதி இல்லாமல் நிதியம் நின்றிருக்காது என்பதையும் சொல்லவேண்டும். 60 ஏக்கர் விதி இல்லாவிட்டால் கட்டும் உரிமையின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும். நிதியம் இல்லாவிட்டால் விதி ஏதோவொரு தேர்தலில் கவிழ்க்கப்பட்டிருக்கும். நிக்காசியோ பள்ளத்தாக்கின் காணி உரிமையாளர் ஒருவர் விதியை எதிர்த்து சமஷ்டி நீதிமன்றம்வரை சென்றபோது, 1988இல் ஒன்பதாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கவுண்டியின் பக்கமே தீர்ப்பளித்தது. 1994இல் ஸ்ட்ராஸ் குடும்பத்தின் பண்ணை, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே சேதனப் பண்ணையாகச் சான்று பெற்ற முதலாவது பாற்பண்ணையாயிற்று. பிறகு பண்ணையாளர்களே திட்டத்தின் காவலர்களாக மாறினார்கள். எதிரியை இவ்வாறு பங்காளியாக்கிய அபிவிருத்தித் திட்டம் ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பலன் கணக்கில் தெரிகிறது. 1970இல் 206,038ஆக இருந்த சனத்தொகை 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 262,321. அரை நூற்றாண்டில் அதிகரிப்பு ஏறத்தாழ 56,000 மாத்திரமே. அதற்கு முந்திய ஒரே தசாப்தத்தில் கூடியதைவிட இது குறைவு! கவுண்டியின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பூங்காவாகவோ, நீரேந்து பகுதியாகவோ, விவசாய நிலமாகவோ கட்டடங்களுக்கு அப்பாற்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இது பாராட்டுக் கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் திட்டம் வகுத்தவர்கள் மூன்றாவது பட்டிக்கு, அதாவது நகரங்களுக்கு, கொடுத்த வாக்குறுதியும் ஒன்றிருந்தது. நிலத்தைக் காப்பதற்கு ஈடாக நகர் மையப் பட்டியில் சகல வருமானத்தினருக்கும் வீடுகள் நெருக்கமாகக் கட்டப்படும் என்பதே அதன் உட்பொருள். அந்த வாக்குறுதி நிறைவேறவில்லை. நகரங்களில் ஏற்கெனவே குடியிருந்தவர்கள், குன்றுகளைக் காப்பதற்குக் கற்றுக்கொண்ட அதே சட்டங்களையும் அதே ஆட்சேபனைகளையும் தமது தெருவின் அடுத்த காணியில் வரவிருந்த மாடிவீடுகளுக்கு எதிராகவும் பயன்படுத்தினார்கள். நீர் இல்லை, வீதி போதாது, மரம் வெட்டப்படும், காட்சி மறையும். 60 ஏக்கர் விதியில் நியாயமாக இருந்த வாதம் அரை ஏக்கர் வளவில் வெறும் வேலியாயிற்று.

மரினில் இந்த வேலிக்கு நிறமும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், சொசலிட்டோவில் 'மரின்ஷிப்' கப்பல் கட்டும் தளம் திறக்கப்பட்டது. தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள் உட்படப் பல்லாயிரம் தொழிலாளர்கள் அங்கு வேலை செய்தார்கள். அவர்களுக்காக அவசரமாகக் கட்டப்பட்டதே மரின் சிட்டி என்ற குடியிருப்பு. போர் முடிந்ததும் வெள்ளையர்கள் வேறு ஊர்களில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனைகள் மற்றைய ஊர்களின் காணி உறுதிகளில் எழுதப்பட்டிருந்தன. அவர்கள் மரின் சிட்டியிலேயே தங்கவேண்டியதாயிற்று. இதை 1973ஆம் ஆண்டுத் திட்டம் உருவாக்கவில்லை. அதற்கு முன்பே நடந்தது. ஆனால் உள்ளே வந்தவர்கள் வந்தபின் கதவை மூடினால், முன்பு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வெளியிலேயே நிற்பார்கள். மேய்ச்சல் நிலத்தைக் காத்த உறுதிப் பத்திரத்தையும் அயலவரின் நிறத்தைத் தடுத்த உறுதிப் பத்திரத்தையும் நான் சமப்படுத்தவில்லை. ஒன்றன்மேல் மற்றது வந்து படிந்தது என்பதை மாத்திரமே சுட்டிக்காட்டுகிறேன்.

இன்று மரினில் சாதாரண வீடொன்றின் விலை ஒரு மில்லியன் டொலருக்கு மேல். அங்கு கற்பிக்கும் ஆசிரியர்களிலும் நோயாளரைப் பராமரிக்கும் தாதியரிலும் பெருமளவினர் ரிச்மண்ட் - சான் ரபேல் பாலத்தின் வழியாகவோ, வடக்கேயுள்ள சொனோமா கவுண்டியிலிருந்தோ தினமும் காரில் வந்து போகிறார்கள். சுற்றாடலுக்காக வகுக்கப்பட்ட திட்டம் காலை மாலை புகைவிடும் வாகன வரிசையை உருவாக்கியிருப்பது அதன் மிகக் கசப்பான விளைவு. 2023 முதல் 2031 வரையான காலத்துக்கு மாநில அரசு மரின் முழுவதற்கும் 14,405 புதிய வீடுகளை இலக்காக விதித்தது. அதில் கவுண்டி நேரடியாக நிருவகிக்கும் பகுதியின் பங்கு 3,569. மேற்பார்வையாளர் சபை 2023 ஜனவரியில் அதற்கேற்பத் திட்டத்தைத் திருத்தியது. வீடுகளுக்கான இடங்களைத் தெரிவுசெய்யும் கூட்டங்களில் 1971ஆம் ஆண்டின் பழைய சுலோகங்களே புதிய குரல்களில் ஒலித்தன.

இனி பொயின்ட் ரெய்ஸுக்குத் திரும்புவோம். பூங்கா அமைக்கப்பட்டபோது அங்கிருந்த பண்ணைக் குடும்பங்கள் காணியை அரசாங்கத்துக்கு விற்றுவிட்டு, குத்தகைக்கு இருந்து தொழிலைத் தொடர்ந்தன. 60 ஏக்கர் விதியோ காணி நம்பிக்கை நிதியமோ அவர்களுக்குப் பொருந்தாது, காணி அவர்களுடையதல்ல. 1978இல் பூங்காவில் மீள அறிமுகப்படுத்தப்பட்ட டியூல் எல்க் மான்கள் பெருகின. மாட்டுச்சாணம் நீரோடைகளில் கலப்பதாக முறைப்பாடுகள் எழுந்தன. 2016இல் பூங்கா நிருவாகத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்த அமைப்புகளில் ஒன்று 'ரிசோர்ஸ் ரினியூவல் இன்ஸ்ரிரியூட்'. அதை நிறுவியவர் ஹியூயி ஜோன்சன். 1972இல் மரின்செலோ குன்றுகளை வாங்கியவர் அவரேதான். தேசிய பூங்கா என்பது இயற்கைக்குரியது, தனியார் மாட்டுக்குரியதல்ல என்பது அவரது நிலைப்பாடு. மேற்கு மரினில் பூங்காவும் பண்ணையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பது மறுதரப்பின் நிலைப்பாடு. இரண்டுமே 1973ஆம் ஆண்டுத் திட்டத்திலிருந்து பிறந்த பிள்ளைகள்தான்.

ஜோன்சன் 2020இல் காலமானார். 2021இல் பூங்கா நிருவாகம் பண்ணைகளுக்கு 20 வருடக் குத்தகை வழங்க முடிவுசெய்தது. 2022இல் அதற்கெதிராக மீண்டும் வழக்கு. முடிவில், 2025 ஜனவரி உடன்பாட்டில், வெளியேறும் பண்ணையாளர்களுக்கான பணத்தைக் கொடுக்க முன்வந்தது நேச்சர் கொன்சர்வன்சி. மரின்செலோவுக்குப் பணம் கொடுத்த அதே அமைப்பு.

பண்ணையாளர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பண்ணைகளில் அவர்கள் மாத்திரம் வசிக்கவில்லை. மாடு கறந்தவர்களும் அவர்களது குடும்பங்களும், பண்ணை வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களுமாக ஏறத்தாழ 90 பேர் அங்கிருந்தார்கள். அவர்களிற் பெரும்பாலானோர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அவர்களுடைய பிள்ளைகள் மேற்கு மரினின் சிறிய பாடசாலைகளில் படித்தார்கள். உடன்பாட்டைப் பேசித் தீர்த்த மேசையில் அவர்களுக்கு ஆசனம் இருக்கவில்லை. வெளியேறி அடுத்த கிராமத்தில் வீடு தேடலாம் என்றால் அடுத்த கிராமத்தில் வீடில்லை. ஐம்பது ஆண்டுகளாக அங்கு புதிய வீடு கட்டாமல் இருப்பதே திட்டமாக இருந்துவந்தது. 2025 மார்ச்சில் மேற்பார்வையாளர் சபை மேற்கு மரினில் தங்குமிட நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தது. தற்காலிக வீடுகளை அமைப்பதற்காக, தனது வழமையான விதிகளைத் தானே தளர்த்திக்கொள்ளும் அதிகாரத்தை அப்பிரகடனம் சபைக்கு வழங்கியது.